‘ம்’ மட்டும் சொல்லும் மச்சானுக்கு

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும் என் வீட்டுக்காரியும், எங்களோடு தங்கிக் காலேஜ் படிக்கிற உங்கள் மகனும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும், உங்கள் ஃபிரேம் கடையும் அதிலுள்ள கண்ணாடிகளும் கீறல் விழாமல் இருக்க துஆ செய்கிறேன். நான் புது ரெக்சின் போட்டு அனுப்பிய சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது என்று அக்கா போனில் சொன்னாள். புது ஸ்பிரிங் அப்படித்தான் மச்சான், உட்கார உட்காரப் படிந்துவிடும். நீங்கள் அதிலேயே நன்றாகச் சாய்ந்துகொண்டு இதைப் படியுங்கள். கடிதம் கொஞ்சம் நீளம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் ‘ம்’ என்கிறீர்கள். அது சரியென்கிற ‘ம்’மா, இருடா உன்னை வந்து கவனித்துக்கொள்கிறேன் என்கிற ‘ம்’மா என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற மதரஸாவில், சின்னப் பிள்ளைகள் வகுப்பில், முதல் வரிசையில், முன்பல் விழுந்த இரண்டு பேருக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அலிஃப், பே என்று அரபி எழுத்து ஓதிக்கொண்டிருக்கிறேன். என் வயசு உங்களுக்குத் தெரியும். என் வயிறும் தெரியும். குனிந்து கிதாபைப் பார்த்தால் வயிறுதான் தெரிகிறது. இதற்கெல்லாம் காரணம் நீங்கள்.

நீங்கள் அன்றைக்குப் போன் செய்து, “காலையில அவன் எங்க போறான்னு பாரு. முதல் வகுப்புக்கு வர்றதில்லன்னு காலேஜ்லேர்ந்து சொல்றாங்க” என்றீர்களே, நம் குடும்பத்தில் நீங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நான் என் வீட்டுக்காரியிடம் சொல்லிக் கொண்டாடினேன். சரி, மச்சான் வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார், செய்துவிடுவோம் என்று மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் மருமகன் பின்னாலேயே போனேன். அவன் சினிமாவுக்கோ சீட்டாட்டத்துக்கோ போனால் காதைத் திருகி இழுத்து வரலாம் என்ற தைரியத்தில் போனேன். அவன் நேராக மதரஸாவுக்குள் போனான். நான் செருப்பு அடுக்குகிற அலமாரிக்குப் பின்னால் மறைந்து நின்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். உள்ளே பெரிய பையன்களோடு உட்கார்ந்து, தடித் தடியாகக் கிதாபை விரித்துவைத்து, பாலம் கட்டப் படிக்கிற உங்கள் மகன் அரபி இலக்கணம் ஓதிக்கொண்டிருக்கிறான். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் அங்கே ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்.

“என்ன பாய், செருப்பத் தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல ஹஜ்ரத்.”

“அடுத்தவங்க செருப்பு எதையாவது தேடுறீங்களா?”

“ஐயையோ, இல்ல ஹஜ்ரத்.”

“அப்ப ஓத வந்திருக்கீங்க.”

நீங்களே சொல்லுங்கள் மச்சான். வேவு பார்க்க வந்தேன் என்று அந்த மனுஷர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? செருப்புத் திருடனா, மாணவனா என்று இரண்டே வழி. நான் மாணவன் ஆனேன். ஓதிக் காட்டச் சொன்னார். தொழுகைக்கு வேண்டியதையெல்லாம் நான் சின்ன வயசில் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவன், எழுத்து தெரியாது. அல்ஹம்து சூராவை என் வழக்கப்படி சோபாவுக்கு ஆணி அடிக்கிற வேகத்தில் ஓதினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டாவது வரியிலேயே திறந்துவிட்டார். “காலையில சின்னப் புள்ளைங்களோட உக்காருங்க பாய். அவங்க கேலி பண்ண மாட்டாங்க” என்றார். அது ஒன்றில்தான் ஹஜ்ரத் தவறிவிட்டார். தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய ‘ஐன்’ என்ற எழுத்தை நான் முதல்முறை சொன்னபோது பக்கத்தில் இருந்த வாண்டு பதறிப்போய், “மாமா, வாந்தி வருதா?” என்று கேட்டுவிட்டுத் தன் கிதாபை நகர்த்தி வைத்துக்கொண்டது.

அன்றைக்கு வகுப்பு முடிந்து கிதாபை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே வந்த மருமகன் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“மாமா? இங்க என்ன பண்றீங்க?”

“ஓதுறேன் மாப்ளே. நீ என்ன பண்ற?”

“நானும் ஓதுறேன்.”

“பேசாதீங்க, ஹஜ்ரத் பாக்குறாங்க” என்றது வாண்டு.

வீட்டுக்கு நடந்து வரும்போது, “வாப்பா அனுப்புனாங்களா?” என்று கேட்டான். “உங்க வாப்பா அனுப்பியிருந்தா நான் முதல் வரிசையிலயா உக்காருவேன்?” என்று கேட்டேன். நான் பொய் சொல்லவில்லை மச்சான், கேள்விதான் கேட்டேன். அதேபோல நீங்கள் மறுபடி போன் செய்தபோது, “கவலப்படாதீங்க, பட்டம் வாங்காம வீட்டுக்கு வரமாட்டான்” என்றேன். நீங்கள் ‘ம்’ என்றீர்கள். எந்தப் பட்டம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மதரஸாவில் ஏழு வருஷம் ஓதினால் அங்கேயும் பட்டம் கொடுக்கிறார்கள், மவ்லவி பட்டம்.

இப்போது சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தயவுசெய்து சாயுங்கள். இனிமேல்தான் விஷயம்.

போன மாசம் ஒருநாள் என் சோபாக் கடையில் ஒரு பழைய மூன்று இருக்கை சோபாவைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பிடுங்கின ஆணியையெல்லாம் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று, “மாமா, நான் காலேஜ விட்டுடப் போறேன்” என்றான். எனக்குக் கை நழுவி, ஆணி பிடுங்குகிற குறடு கால் விரலில் விழுந்தது. இன்னும் அரை வருஷம்தான் பாக்கி, அதற்குள் என்னடா அவசரம் என்றேன். மதரஸாவில் முழுநேர வகுப்பில் சேரப் போகிறானாம். “அஞ்சு வேளையும் வாயால சொல்றது என்னன்னு புரிஞ்சு சொல்லணும் மாமா. பத்து வயசுலேர்ந்து இந்த ஆசை. வாப்பாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல” என்றான். எப்படிக் கேட்பது, வாயைத் திறந்துதான் கேட்பது என்றேன். அப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னான். “கேட்டா ‘ம்’னு சொல்லுவாங்க. சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் அந்த ஃபிரேமைத் தொடைப்பாங்க.”

அந்த ஃபிரேமை எனக்குத் தெரியாதா மச்சான்? ஹாலில் வாசலைப் பார்க்க மாட்டியிருக்கிற தேக்கு ஃபிரேம். ஓரத்தில் பொன் நிறக் கோடு. உள்ளே ஒன்றும் கிடையாது, பின்னால் இருக்கிற வெள்ளை அட்டைதான் தெரியும். மருமகன் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு நீங்களே இழைத்து, கண்ணாடி வெட்டி மாட்டினது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஒரு துணியை எடுத்து அதைத் துடைப்பீர்கள். நான்கூட ஒருமுறை, “காலி ஃபிரேமுக்கு எதுக்கு மச்சான் இவ்வளவு உபசாரம்?” என்று கிண்டல் பண்ணி அக்காவிடம் கரண்டியால் வாங்கினேன். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கினாலும் அதைச் சுவருக்கு ஏற்றுவது உங்கள் கைதான். படிக்க ஆசை இருந்தும் வீட்டு நிலைமைக்காகக் கண்ணாடி வெட்டப் போனவர் நீங்கள். அடுத்தவர் பெயரையே கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்து, ஒரு தடவையாவது நம் வீட்டுப் பெயரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? இதை நான் அவனிடம் சொன்னேன். அவன் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, “தெரியும் மாமா. அதனாலதான் மூச்சு முட்டுது” என்றான்.

எனக்கு இந்த இரண்டு படிப்புமே தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன். காலேஜுக்குள் நான் போனதே அங்கே வரவேற்பறை சோபாவுக்கு ஃபோம் மாற்றத்தான். அதனால் அவனுக்குப் புத்தி சொல்ல வரவில்லை. ஹஜ்ரத்திடம் போய், “நீங்களாவது சொல்லுங்க ஹஜ்ரத், உங்க பேச்சுன்னா கேப்பான்” என்றேன். “முழுநேரமா சேத்துக்கங்கன்னு என்கிட்டயும் வந்தாரு பாய். வாப்பா சம்மதமான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுகிட்டாரு. வாப்பா வாயால சரின்னு சொல்லாம நான் உக்கார வைக்க மாட்டேன்னு அனுப்பிட்டேன்” என்றார். அப்புறம் மதரஸா மாடிச் சுவரில் ஓடுகிற விரிசலைக் காட்டி, “இதப் பாக்க வேற எனக்கு ஒரு இன்ஜினியர் வேணும். பாதியில விட்டுட்டு வந்தவரு வேணாம்” என்று சிரித்தார். ஆக, விஷயம் சுற்றிச் சுற்றி உங்கள் வாயில் வந்து நிற்கிறது. உலகத்திலேயே திறப்பதற்குக் கஷ்டமான இடம் அது.

இந்த நேரத்தில்தான் எனக்கு நூன் பாடம் நடந்தது. எனக்கு என்றால் எனக்கு இல்லை, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. என் காது சும்மா இருக்காதே. நூன் என்று ஓர் எழுத்து மச்சான், நம் ‘ன்’ மாதிரி. அது தனக்கென்று சத்தம் இல்லாமல் ஒற்றாக நிற்கும்போது, அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் நடந்துகொள்ளுமாம். பக்கத்தில் மீம், அதாவது ‘ம்’ வந்துவிட்டால் அவ்வளவுதான், நூன் அதற்குள்ளேயே கரைந்துபோய்விடும். இருந்த இடம் தெரியாது. தொண்டையிலிருந்து வருகிற எழுத்து பக்கத்தில் வந்தால்தான் நூன் முழுசாக, தெளிவாக வெளியே வந்து நிற்கும். முந்தினதுக்கு இத்காம் என்று பெயர், பிந்தினதுக்கு இள்ஹார் என்று பெயர். பிள்ளைகள் இதை ஆடிக்கொண்டே பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக் கதையை இவர்களுக்கு யார் சொன்னது என்று! மருமகன்தான் அந்த நூன். நீங்கள் ‘ம்’. பையன் கரையாமல் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து இதை அவனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். பிறகு, “இலக்கணத்த இப்படியெல்லாம் இழுக்கக் கூடாது மாமா” என்றான்.

அதற்கு அடுத்த வாரம் என் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டது. சோபாவுக்கு ரெக்சின் வெட்டுகிறதற்கு முன்னால் தாளில் ஓர் அச்சு வெட்டிக்கொள்வோம் அல்லவா, அன்றைக்கு அச்சுத் தாள் தீர்ந்துபோயிருந்தது. மேசையில் சுருட்டி வைத்த ஒரு பெரிய தாள் கிடந்தது. நல்ல கனமான தாள். பிரித்தால் ஏதோ கோடு கோடாக இருந்தது. மின்விசிறிப் படமோ என்னவோ என்று நினைத்து, சாக்கட்டியால் சோபாக் கைப்பிடியின் வளைவைப் போட்டு, கத்தரியால் சரசரவென்று வெட்டிவிட்டேன். அது மருமகன் கடைசிப் பரீட்சைக்காக வரைந்து வைத்திருந்த பாலம். அவர்கள் பேராசிரியர் பழைய மனுஷராம், எல்லோரும் கையாலேயே வரைந்து கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாம். அவன் உள்ளே வந்து பார்த்தபோது பாலத்தின் பாதி சோபாவின் வலது கைப்பிடியில் ஆணியடிக்கப்பட்டு நின்றது, மீதிப் பாதி தரையில் கிடந்தது.

மச்சான், உங்கள் மகன் கத்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கத்தினான். தொண்டையின் அடியிலிருந்து, அந்த ஐன் வருகிற இடத்திலிருந்து கத்தினான்.

“மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! மூணு மாசம்! மூணு மாசமாக் கண்ணு பூத்துப்போய் வரஞ்சது! அந்த வளைவு சுமை தாங்குமான்னு எத்தன தடவ கணக்குப் போட்டேன் தெரியுமா?”

மாடியில் தையல் மெஷின் நின்றுபோனது. என் வீட்டுக்காரி படியில் பாதிவரை இறங்கி வந்து, “ஏங்க, என்னத்த வெட்டித் தொலச்சீங்க?” என்றாள்.

“பாலத்த” என்றேன்.

“சோபாக்காரருக்குப் பாலம் எதுக்கு?”

“அதத்தான் நானும் கேக்கப்போறேன். ஏன் மாப்ளே, காலேஜ விட்டுப் போறவனுக்குப் பாலம் எதுக்கு?”

“யாரு விட்டுப் போறேன்னு சொன்னது?”

“நீதான். இதே ஸ்டூல்ல உக்காந்து.”

அவன் கையில் வெட்டுண்ட துண்டை வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். சத்தம் இறங்கிப்போய், “பாலம் புடிக்கும் மாமா. ஃபிரேம்தான் புடிக்கல” என்றான்.

இதைத்தான் மச்சான், உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதினேன். மருமகனுக்குப் படிப்பின் மேல் கோபம் இல்லை. உங்கள் மேலும் இல்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரு காலிக் கண்ணாடியைத் துடைக்கிறீர்களே, அதற்குள் தன்னை மாட்டிவிடுவீர்களோ என்றுதான் பயம். ஓதுகிற ஆசையைச் சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்து, சொல்லாமலே ஓடிவிடப் பார்த்தான்.

அப்புறம் அந்தப் பாலத்தை முதலிலிருந்து வரைந்தான். கணக்கெல்லாம் முன்பே போட்டிருந்ததால் இந்த முறை மூன்று மாசம் ஆகவில்லை. மாலை நேரமெல்லாம் கடை மேசையில் நான் ஒரு பக்கம் தாளைப் பிடித்துக்கொள்ள, அவன் கோடு போட்டான். கோடு போடும்போது வாய் சும்மா இல்லை, மறுநாள் மதரஸாவில் ஒப்பிக்க வேண்டிய அரபி வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே வரைந்தான். ஒரு தூணுக்கு ஒரு வினைச்சொல் என்று பாலம் நீண்டுகொண்டே போனது. எனக்கே இரண்டு மூன்று வரி பாடமாகிவிட்டது. முடித்துக் கொண்டுபோய் நேற்றைக்கு ஒப்படைத்துவிட்டான். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “வளைவு நல்லா வந்திருக்கே” என்றாராம். இப்போது மருமகன் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். பட்டத்தை முடிப்பானாம். அதுவரை மதரஸா வகுப்பு ஃபஜ்ருக்குப் பிறகு கொஞ்ச நேரம் மட்டும், காலேஜில் முதல் வகுப்பைத் தவற விடமாட்டானாம். முடித்தபின் ஏழு வருஷம் ஓத வேண்டும். அதற்கு நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும். இதை நானே கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். “வேணாம் மாமா, நானே கேக்குறேன். நீங்க வாப்பாவ வரமட்டும் சொல்லுங்க” என்றான். நூன் வெளியே வரத் தயாராக நிற்கிறது மச்சான்.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை அக்காவோடு புறப்பட்டு வாருங்கள். வந்து திட்டுங்கள். கத்துங்கள். வேண்டுமானால் என்னை முதலில் திட்டித் தொண்டையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சரி என்றாலும் முடியாது என்றாலும் வாயைத் திறந்து ஒரு முழு வார்த்தையாகச் சொல்லுங்கள். தயவுசெய்து ‘ம்’ மட்டும் வேண்டாம். அந்த ஃபிரேமைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அளவுகோலை எடுத்து வந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகள் வகுப்பு முடிகிறபோது எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் உண்டாம், பூ வரைந்து, பெயர் எழுதி. என் பெயர் போட்டு யாரும் எனக்கு ஒரு தாள் கொடுத்ததில்லை, மின்சாரக் கட்டண ரசீதைத் தவிர. அதற்கும் ஒரு சின்ன ஃபிரேம் போட்டுக் கொடுங்கள். பொன் கோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு என் சலாமையும், அவளுடைய மூட்டுக்கு என் தனி விசாரிப்பையும் சொல்லுங்கள். உங்கள் கண்ணாடியும் கையும் மனசும் ஒன்றையொன்று கீறாமல் இருக்க அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை நிறைத்து வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன், மருமகனின் வகுப்புத் தோழன் (சின்ன வகுப்பு)

பி.கு.: பாலத்தைத் தெரியாமல் வெட்டிவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். தெரிந்துதான் வெட்டினேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வராமல் நூன் வெளியே வராது என்று எனக்கு அந்தப் பாடத்திலேயே பட்டுவிட்டது. வெட்டினதும் பாலத்தை இல்லை. பெரிய தாளில் நகல் எடுக்கிற கடைக்கு அதைக் கொண்டுபோய் எடுத்துவந்த நகலை. மருமகன் இருந்த கோபத்தில் பென்சில் கோடா, மெஷின் கோடா என்று பார்க்கவில்லை. அசலைக் கசங்காமல் வைத்திருந்து, அவன் கத்தி முடித்ததும் கையில் கொடுத்துவிடுவதாகத் திட்டம். அதற்காகக் கடையில் கவிழ்த்துப் போட்டிருந்த இன்னொரு சோபாவின் அடியில், ஸ்பிரிங்குகளின் மேல் விரித்து வைத்திருந்தேன். அன்று காலை நான் மதரஸாவில் ஐன் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தூசி படாமல் இருக்க நான் போட்ட தாள் என்று நினைத்து, என் வீட்டுக்காரி அதன்மேல் அடித்துணியை வைத்து ஆணியடித்து, சோபாவை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாளாம். மருமகன் கத்தி முடித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு இன்னும் தெரியாது. லாரியில் போன அந்தச் சோபா அக்காவுடையது, இப்போது நீங்கள் சாய்ந்திருப்பது. அந்தச் சத்தம் ஸ்பிரிங் இல்லை.